494 யூனிட்

எங்கள் வீட்டு ஹஸ்கி நாய் பால்டோ 2019 மே மாதம், கத்திரி வெயில் நடுவில் செத்துப்போனது. கரண்ட் போய் ஏசி நின்றுவிட்டது, அதனால்தான் செத்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். மனைவியிடம் சொன்னேன், மகளிடம் சொன்னேன், வைத்தியம் பார்த்த டாக்டரிடம் சொன்னேன். அலுவலகத்தில் துக்கம் விசாரித்தவர்களிடமும் அதையே சொன்னேன். அன்று கரண்ட் போகவில்லை. ஏசியை அணைத்தது நான்.

விவரம் தெரியாமல் செய்தேன் என்று ஒதுங்கிக்கொள்ள எனக்கு வழியில்லை. அந்த நாய்க்கு எது ஆகும், எது ஆகாது என்பது எங்கள் வீட்டில் என்னைவிட அதிகம் தெரிந்தவர் யாருமில்லை. அதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

2016-இல் மகளுக்குப் பத்து வயது. ‘பால்டோ’ என்ற கார்ட்டூன் படத்தைப் பார்த்துவிட்டு அந்த நாய்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தாள். மகள் கேட்டாள், வாங்கினேன் என்று ஊருக்குச் சொன்னேன். அது பாதி உண்மை. பெங்களூரில் குட்டியைப் பார்க்கப் போனபோது ஒரு கண் நீலமும் ஒரு கண் பழுப்புமாக ஒன்று என்னை நிமிர்ந்து பார்த்தது. திருச்சியில் எங்கள் பக்கம் யாரிடமும் இப்படி ஒன்று இல்லை என்ற நினைப்பு வந்ததும் என் கை பர்ஸுக்குப் போய்விட்டது. 45,000 ரூபாய். “ஏசி ரூம் ஒண்ணு இருந்தா போதும் சார், ராஜா மாதிரி இருக்கும்” என்றார் விற்றவர். அந்தச் சொல்லை நம்பினேன் என்பதைவிட, நம்புவது எனக்கு வசதியாக இருந்தது என்பதுதான் சரி.

முதல் நாள் அதைத் தெருவில் நடத்திக்கொண்டு போனபோது வேப்பமரத்தடியில் இஸ்திரி போடும் அம்மா பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டுப் பார்த்தார். “என்னா தம்பி, இந்த வெயில்ல கம்பளியப் போத்தி இட்டாந்திருக்க?” என்றார். குட்டியின் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, “பாவம்” என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று வருடம் கழித்து நடக்கப்போவதை அவர் அந்த ஒரு சொல்லில் சொல்லிவிட்டார்.

அது உண்மையிலேயே கம்பளிதான். ஒன்றல்ல, இரண்டு. பால்டோவின் முதுகில் விரலை விட்டால் மேலே நீளமான, கொஞ்சம் முரட்டு முடி தட்டுப்படும். அது மழையையும் பனியையும் உள்ளே விடாமல் வழித்துவிடும். அதை விலக்கினால் அடியில் பஞ்சுபோல் இன்னொரு முடி, நெருக்கமாக, வெளுப்பாக. தோலைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு கை விரல்களாலும் பிரித்துப் பிடிக்க வேண்டும். அந்த உள்முடிதான் உடம்புச் சூட்டை வெளியே போகவிடாமல் பிடித்து வைக்கிறது. ரஷ்யாவின் வடகிழக்குக் கோடியில் சுக்சி மக்கள் தலைமுறை தலைமுறையாக வளர்த்த நாய் இது. உறைநிலைக்கு 40, 50 டிகிரி கீழே போகும் குளிரில், அதிகப் பாரமில்லாத வண்டியை இழுத்துக்கொண்டு, கொஞ்சம் தின்று வெகுதூரம் ஓட வேண்டும். அதற்காகவே அமைந்த உடம்பு. படுக்கும்போது வளையமாகச் சுருண்டு, வாலைத் தூக்கி மூக்கின் மேல் போட்டுக்கொள்ளும். மூச்சுக்காற்று உறையாமல் இருக்க அதன் முன்னோர் பழகிய வழக்கம். எங்கள் கே.கே. நகர் வீட்டிலும் அது அப்படித்தான் படுத்தது. முதல் வாரம் அந்தப் படுக்கையைப் பார்த்துப் பார்த்துச் சொக்கிப்போனேன்.

1908-இல் ஒரு ரஷ்ய வணிகர் இந்த நாய்களை அலாஸ்காவின் நோம் நகருக்குக் கொண்டுபோனார். மறு வருடம் அங்கே நடந்த 408 மைல் பனிவண்டிப் பந்தயத்தில் இவற்றைக் கட்டி ஓட்டினார்கள். அந்த ஊர்ப் பெரிய நாய்களுக்குப் பக்கத்தில் இவை சின்ன உருவம் என்று இளக்காரமாகப் பார்த்தவர்கள் உண்டு. 1910-இல் இந்த நாய்கள் கட்டிய வண்டிதான் முதலில் வந்தது. 1925-இல் நோமில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 674 மைல் பனிவழியில் இருபது ஓட்டிகள் கைமாற்றிக் கைமாற்றி மருந்தைக் கொண்டு சேர்த்தார்கள். சுமார் 150 நாய்கள், ஐந்தரை நாள். கடைசிக் கட்டத்தில் முன்னால் ஓடியது பால்டோ. அந்த வருடமே நியூயார்க்கில் அதற்குச் சிலை வைத்தார்கள். இதையெல்லாம் மகளுக்கு ராத்திரி ராத்திரி நான்தான் சொன்னேன். படுக்கையில் அவள் ஒரு பக்கம், தரையில் பால்டோ. இவ்வளவு படித்தவன், இவ்வளவு சொல்லிக்கொடுத்தவன், அந்த உடம்பைக் கொண்டுவந்து 40 டிகிரி வெயில் அடிக்கும் ஊரில் மேற்குப் பார்த்த மாடி அறையில் வைத்தேன்.

மனிதனுக்கு உடம்பெல்லாம் வியர்க்கும். நாய்க்குப் பாதத்தில் மட்டும்தான் வியர்வை. மற்றதெல்லாம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சு வாங்கித்தான் சூட்டைக் கழிக்க வேண்டும். நாக்கிலும் வாயிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது உள்ளே குளிரும். சுற்றிலும் உள்ள காற்றே உடம்பைவிடச் சூடாக இருந்தால் எத்தனை வேகமாக மூச்சு வாங்கினாலும் பிரயோசனம் குறைவு. மூச்சு வாங்குகிற வேலையே உடம்பை இன்னும் சூடாக்கும். ஃபேன் நமக்கு வியர்வையைக் காய வைத்துச் சுகம் தரும். வியர்க்காத நாய்க்கு, அதுவும் இரண்டு அடுக்கு முடி போர்த்திய நாய்க்கு, அந்தக் காற்று பெரிதாக ஒன்றும் செய்யாது. இதுவும் எனக்குத் தெரியும்.

முதல் கோடையில் ஒரு தப்பு செய்தேன். அதையும் மறைக்கப்போவதில்லை. ஏப்ரலில் முடி கொட்ட ஆரம்பித்தது. ஹஸ்கிக்கு வருடத்தில் இரண்டு தடவை உள்முடி கொத்துக்கொத்தாகக் கழன்று வரும். சாப்பாட்டுத் தட்டில், சாமி படத்தின் மேல், துவைத்துக் காய்ந்த வேட்டியில், எங்கும் வெள்ளைப் பஞ்சு. மனைவி ஒரு நாள் குழம்பிலிருந்து எடுத்துக் காட்டினாள். எரிச்சலில் ஒரு கடைக்குக் கொண்டுபோய் மெஷின் போட்டு ஒட்ட வெட்டச் சொன்னேன். வெயிலுக்கும் நல்லது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். வெட்டி முடித்ததும் உள்ளே இளஞ்சிவப்புத் தோல். மூன்றாம் நாள் முதுகில் வெயில் பட்ட இடம் கன்றிப்போயிருந்தது. டாக்டர் திட்டினார். மேல்முடி நேர் வெயில் தோலில் படாமல் நிழல் பிடிக்கிற குடை, அதை எடுத்துவிட்டால் நாய் வெயிலில் நேராக வேகும் என்றார். உள்முடி சீக்கிரம் வளர்ந்துவிடும், மேல்முடி பழையபடி வருமா என்று சொல்ல முடியாது என்றும் சொன்னார். பின்னங்கால் தொடையருகே ஓரிடத்தில் கடைசிவரை சரியாக வளரவே இல்லை. தடவும்போது அந்த இடத்தில் விரல் நிற்கும்.

அதற்குப் பிறகு ஒழுங்காகக் கற்றுக்கொண்டேன். உள்முடியை வாரி எடுப்பதற்கென்று நீளப் பல் வைத்த சீப்பு உண்டு. முடி விழும் திசையிலேயே, தோலில் கீறாமல், கழுத்திலிருந்து வால்வரை பொறுமையாக வார வேண்டும். கொட்டும் காலத்தில் தினமும் முக்கால் மணி நேரம். ஒரு வாரல் முடிந்தால் பக்கத்தில் இன்னொரு குட்டி நாய் படுத்திருப்பது மாதிரி முடி குவியும். செத்த உள்முடி அடைத்துக்கொண்டிருந்தால் தோலுக்குக் காற்று போகாது. வாரி எடுத்துவிட்டால் வெயிலைக் கொஞ்சமாவது தாங்கும். குளிப்பாட்டுவது மாதம் ஒரு தடவை போதும். இந்த நாய் பூனை மாதிரி தன்னைத் தானே நக்கிச் சுத்தம் செய்துகொள்ளும், நாய் வாடை அவ்வளவாக இராது. ஆனால் குளிப்பாட்டினால் அடிமுடிவரை காய வைக்க வேண்டும், இல்லாவிட்டால் தோலில் புண் வரும். நடை காலை ஐந்து மணிக்கு, இரவு ஒன்பதுக்கு மேல். தார் ரோட்டில் புறங்கையை வைத்து ஏழு எண்ணுவேன். என் கை தாங்கினால்தான் அதன் கால்.

இவ்வளவும் செய்தேன் என்று சொல்வதில் எனக்குப் பெருமை இருந்தது. தெருவில் புதிதாக நாய் வாங்குகிறவர்கள் என்னிடம் யோசனை கேட்பார்கள். ‘ஹஸ்கி சார்’ என்றுதான் பெயர்.

பால்டோவைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் இது என்னைப் பற்றி மட்டும் ஆகிவிடும். அது குரைத்தது அபூர்வம். ஊளையிடும், அதுவும் ஏற்ற இறக்கத்தோடு, பேசுவது மாதிரி. பொன்மலைப் பக்கம் போகும் ரயில் ஹாரன் அடித்தால் மொட்டை மாடியிலிருந்து பதில் கொடுக்கும். காவலுக்கு ஆகாது. கேஸ் சிலிண்டர் போட வருபவரையும் கொரியர் பையனையும் சொந்தக்காரர் மாதிரி வரவேற்கும். சோறு அளவாகத்தான் சாப்பிடும், போதும் என்றால் போதும். இரண்டு தடவை கேட் தாண்டி ஓடிவிட்டது. ஓடுவதில் அதற்கு ஒரு வெறி, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு மறுபடி ஓடும். மழை பெய்தால் நடுவாசலில் போய் மல்லாந்து படுத்துக்கொள்ளும். தண்ணீர்க் கிண்ணத்தை முன்காலால் கவிழ்த்து, ஈரத் தரையில் வயிற்றை ஒட்டிப் படுக்கும். அந்தப் பழக்கத்துக்காக எத்தனையோ நாள் திட்டியிருக்கிறேன்.

நான் ஒரு தனியார் கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். வீட்டுக் கணக்கும் என் கையில்தான். அந்த நாளில் வீட்டுக் கரண்ட்டுக்கு இரண்டு மாதத்துக்கு 500 யூனிட் என்பது ஒரு கோடு. 500-க்குள் இருந்தால் 1,100 ரூபாய்ச் சொச்சம். ஒரு யூனிட் தாண்டினாலும் கீழே உள்ள யூனிட்டுகளுக்கும் சேர்த்து விலை மாறிவிடும், பில் ஒரேயடியாக 600, 700 ரூபாய் எகிறும். பால்டோவுக்காக மாடி அறை ஏசி பகல் 11 மணியிலிருந்து 4 மணிவரை ஓடும். அதையும் வைத்துக்கொண்டு 500-க்குள் நிறுத்துவதை ஒரு திறமையாகவே செய்துவந்தேன். ராத்திரி எங்களுக்கு ஏசி கிடையாது.

அந்தச் சனிக்கிழமை காலையில் மனைவியும் மகளும் கும்பகோணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டுப் போனார்கள். திங்கட்கிழமை ரீடிங் எடுக்க வருவார்கள். மதியம் மீட்டரைப் பார்த்தேன், அட்டையில் இருந்த பழைய எண்ணைக் கழித்தேன். 483. ஏசியோடு நாளொன்றுக்குப் பத்து யூனிட். இரண்டு நாளைக்கு இருபது. 503. மூன்று யூனிட் அதிகம். அட்டையின் ஓரத்திலேயே பென்சிலால் இந்தக் கணக்கைப் போட்டேன்.

பன்னிரண்டரைக்கு மாடிக்குப் போனேன். அறை ஜில்லென்று இருந்தது. பால்டோ கட்டிலுக்குக் கீழே வாலால் மூக்கை மூடித் தூங்கிக்கொண்டிருந்தது. இந்தக் குளிர்ச்சி ஒரு மணி நேரம் நிற்கும், அதற்குள் வந்துவிடலாம் என்று ரிமோட்டை அமுக்கினேன். ஃபேனை வேகமாக வைத்தேன். ஜன்னலைத் திறந்தால் அனல் வரும் என்று மூடியே விட்டேன். கீழே கூடத்தில் கல் தரை, மாடியைவிட எவ்வளவோ பரவாயில்லை. அங்கே கொண்டுவந்து விட்டிருக்கலாம். மறுநாள் கல்யாண வீட்டிலிருந்து உறவுக்காரர்கள் வருகிறார்கள் என்று மனைவி கூடத்தைப் பெருக்கித் துடைத்து, சோபாவுக்குப் புது உறை போட்டுவிட்டுப் போயிருந்தாள். முடி ஒட்டும். அதனால் விடவில்லை. கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனேன். சாப்பிட்டுவிட்டு ஒரு நண்பரின் கடையில் உட்கார்ந்தேன். டீ வந்தது. பேச்சு வளர்ந்தது. கடிகாரத்தை ஒரு தடவை பார்த்தேன், மணி இரண்டு. ‘போகணும்’ என்று நினைத்தேன். போகவில்லை. இன்றைக்கும் அந்த இரண்டு மணிதான் எனக்கு ராத்திரியில் வருகிறது. வீடு திரும்பியபோது மூன்றே முக்கால்.

கேட் சத்தம் கேட்டால் மேலிருந்து ஊளை வரும். வரவில்லை.

கதவைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. காங்கிரீட் தளம் காலையிலிருந்து குடித்த வெயிலை அந்த மூடிய அறைக்குள் இறக்கிக்கொண்டிருந்தது. கதவின் அடியில் பெயிண்ட் சுரண்டப்பட்டு மரம் தெரிந்தது. தண்ணீர்க் கிண்ணம் கவிழ்ந்து கிடந்தது. தரையில் தண்ணீர் இல்லை. அது காய்ந்த விளிம்பு மட்டும் ஒரு கோடாகத் தெரிந்தது. அந்தக் கோட்டுக்குள், வயிற்றைத் தரையில் ஒட்டி, நான்கு காலையும் விரித்துப் படுத்திருந்தது பால்டோ. வாயோரத்தில் கோந்து மாதிரி எச்சில். ஈறு செங்கல் நிறம். கண் என்னைப் பார்த்தது, வால் ஒரு தடவை தரையில் தட்டியது.

ஈரத் துண்டைப் போர்த்தித் தூக்கிக்கொண்டு ஓடினேன். 24 கிலோ. ஆட்டோவில் மடியில் கிடந்தபோது அதன் சூடு என் வேட்டி வழியாகத் தொடையைச் சுட்டது.

டாக்டர் சின்னப் பையன், படித்து முடித்து மூன்று நான்கு வருடம்தான் இருக்கும். தெர்மாமீட்டரைப் பார்த்தார், 107. நாய்க்கு 101, 102 இருக்க வேண்டும். தண்ணீரால் நனைத்து, ஃபேனைப் பக்கத்தில் வைத்து, டிரிப்ஸ் ஏற்றிக்கொண்டே கேட்டார்.

“ஏசி இல்லையா சார்?”

“கரண்ட் போயிடுச்சு டாக்டர்.”

யோசிக்கவே இல்லை. வாயில் தயாராக இருந்த மாதிரி வந்தது.

“எவ்வளவு நேரம் சார் அப்படி இருந்துச்சு?”

“ஒரு மணி நேரம் இருக்கும்.”

முதல் பொய் என் மானத்தைக் காப்பாற்ற. இரண்டாவது பொய் முதல் பொய்யைக் காப்பாற்ற. ஆனால் இரண்டாவதுதான் கொடியது. சூட்டு வாதையில் எத்தனை டிகிரி என்பதோடு எத்தனை நேரம் என்பதும் உயிர் விஷயம். உடம்பு நெடுநேரம் அந்தச் சூட்டில் இருந்தால் குடலின் உள்தோல் வெந்து விஷம் ரத்தத்தில் இறங்கும், ரத்தம் உறைகிற ஒழுங்கு கெடும், சிறுநீரகம் நிற்கும். ஒரு மணி நேரம் என்று நம்பிய டாக்டர், “பொழச்சுக்கும் சார், கவலைப்படாதீங்க” என்றார். ஆறு மணிக்குச் சூடு இறங்கியது. பால்டோ தலையைத் தூக்கிக்கூடப் பார்த்தது. நானும் நம்பினேன். ராத்திரி பதினொன்றுக்கு ரத்தமாகக் கழிந்தது. வயிற்றுத் தோலில் ஊதா நிறத்தில் புள்ளி புள்ளியாக வந்தது. டாக்டர் போனில் யார் யாரையோ கேட்டார். “ஒரு மணி நேரத்துக்கு இவ்வளவு ஆகக் கூடாதே” என்று இரண்டு தடவை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்போதாவது சொல்லியிருக்கலாம். அவருக்கு மூன்றடி தள்ளித்தான் நின்றிருந்தேன்.

விடியற்காலை நாலரைக்குப் போய்விட்டது. டாக்டர் வாசல் படியில் உட்கார்ந்து, “ஏதோ ஒண்ண நான் விட்டுட்டேன் சார்” என்றார். “உங்க தப்பு இல்ல டாக்டர்” என்றேன். யார் தப்பு என்று சொல்லவில்லை.

மகள் கும்பகோணத்திலிருந்து வந்து இறங்கியதும் கேட்ட முதல் கேள்வி, “எத்தனை மணிக்குப்பா கரண்ட் போச்சு?” ஒரு மணிக்கு என்றேன். அதிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போகும்போதெல்லாம் அவள் எழுந்து வேறு அறைக்குப் போய்விடுவாள். திங்கட்கிழமை ரீடிங் எடுத்துவிட்டுப் போனார்கள். அட்டையில் 494 என்று எழுதியிருந்தது.

பொய் சும்மா இருக்காது, போய் வேலை செய்யும் என்பதை இரண்டு வருடம் கழித்துப் பார்த்தேன். அலுவலகத்தில் ஒருவர் ஹஸ்கி வாங்கும் ஆசையில் என்னிடம் வந்தார். “உங்களுக்குக் கரண்ட்தானே சார் பிரச்சினை? நான் ஜெனரேட்டர் வெச்சுக்கிறேன், போதுமில்ல?” போதாது என்று சொல்ல வேண்டும். சொன்னால், ஏன் என்று கேட்பார். “பாத்துக்குங்க” என்றேன். வாங்கிவிட்டார். ஒரு தடவை அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அந்த நாய் இருபத்து நாலு மணி நேரமும் ஓர் அறையில், ஏசிக்கு நேர் கீழே, பெருத்துப்போய்க் கிடந்தது. பத்துக்குப் பன்னிரண்டு அறை. நூற்றுக்கணக்கான மைல் ஓடும் கால். நான் உள்ளே போனதும் எழுந்து வந்து கையை முகர்ந்துவிட்டு மறுபடி போய்ப் படுத்துக்கொண்டது. ஊளையிடுமா என்று கேட்டேன். “இல்ல சார், ரொம்ப அமைதி” என்று சந்தோஷமாகச் சொன்னார்.

2024-இல் தமிழக அரசு நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டது. நம் சீதோஷ்ணத்துக்கு ஒவ்வாதவை என்று சில வெளிநாட்டு இனங்களைப் பட்டியலிட்டிருந்தார்கள். செயின்ட் பெர்னார்ட், சௌ சௌ, திபெத்திய மாஸ்டிஃப் என்று போன அந்த வரிசையில் ஹஸ்கியும் இருந்தது. மனைவி பேப்பரைப் படித்துவிட்டு, “பாத்தீங்களா, நம்ம ஊருக்கே அது ஆகாதாம். நீங்க மனசப் போட்டு உழப்பிக்காதீங்க” என்றாள். இந்த வெயிலுக்கென்றே பிறந்த சிப்பிப்பாறையும் கன்னியும் இராஜபாளையமும் நம் பக்கத்திலேயே இருக்க, நான் கண் நிறத்துக்காக அதை இங்கே கொண்டுவந்தது முதல் குற்றம், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஊருக்கு ஆகாததால் அது சாகவில்லை. மூன்று வருடம் இந்த ஊரில் உயிரோடு இருந்ததே. அந்த ஆறுதல் எனக்கு உரியதல்ல, ஆனாலும் அன்று அதை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்தேன்.

போன கோடையில் மகள் காலேஜ் லீவில் வந்திருந்தாள். மாடி ஏசியைச் சர்வீஸ் செய்ய ஆள் வந்திருந்தார். அது வெகுநாள் ஓடாமல் கிடந்த ஏசி. அவர் முன்மூடியைக் கழற்றி உள்ளே இருந்த உருளையை உருவியபோது, அதன் இடுக்குகளில் வெள்ளையாக ஏதோ அப்பிக்கொண்டிருந்தது. “என்னா சார் இது, பஞ்சு மாதிரி?” என்றார். மகள் போய் அதைப் பிடுங்கி எடுத்தாள். விரலில் வைத்து உருட்டினாள். தூசி படிந்திருந்தாலும் உள்ளே அதே வெளுப்பு.

“இப்பத்தான் ஒரு படம் பாத்தேன்ப்பா” என்றாள். “ரொம்ப தூரம் ஓடினது பால்டோ இல்லையாமே, டோகோன்னு இன்னொரு நாயாம். அது 260 மைல் ஓடியிருக்கு, அதுவும் வயசான காலத்துல. கடைசில வந்ததால பால்டோவுக்குச் சிலை வெச்சுட்டாங்க. நாம தப்பான பேரா வெச்சுட்டோம்.” கொஞ்ச நேரம் கழித்து, “கரண்ட் மட்டும் போகாம இருந்திருந்தா...” என்றாள்.

“கரண்ட் போகலம்மா.”

அவள் நிமிரவில்லை. நான் கீழே போய் அலமாரியிலிருந்து பழைய அட்டையை எடுத்து வந்தேன். அந்த வரிசையைக் காட்டினேன். ஓரத்தில் பென்சில் கணக்கு அப்படியே இருந்தது. அவள் விரலை வைத்து எண்ணை ஒவ்வொன்றாகப் படித்தாள்.

“மூணு யூனிட்டாப்பா?”

“ஆமாம்மா.”

அழவில்லை. திட்டவில்லை. சர்வீஸ்காரர் உருளையைக் கையில் வைத்துக்கொண்டு, “கழுவிடட்டுமா சார்?” என்று கேட்டார். “இருங்கண்ணா” என்று சொல்லி, இடுக்குகளில் இருந்த முடியை எல்லாம் தானே கிள்ளி எடுத்தாள். பிறகு என்னைப் பார்க்காமல், “அந்த டாக்டர்கிட்ட சொன்னியாப்பா?” என்றாள்.

சொல்லவில்லை என்றேன். “சொல்லு” என்றாள். அவள் காலேஜுக்குத் திரும்பியபோது அட்டையையும் எடுத்துப் போயிருந்தாள். இப்போது வாரம் ஒரு தடவை அவள் அம்மாவோடு பேசுகிறாள். என்னோடு பேசும்போது தேவைக்கு மட்டும்.

டாக்டர் அதே இடத்தில்தான் இருக்கிறார். இப்போது காதோரம் நரை. என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார், “பால்டோ சார்” என்றார். உள்ளே உட்கார வைத்தார். ஏசியை அணைத்ததையும், ஒரு மணி நேரம் இல்லை மூன்றேகால் மணி நேரம் என்பதையும் சொன்னேன். கேட்டுவிட்டுச் சிறிது நேரம் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“மூணேகால் மணி நேரம்னு தெரிஞ்சிருந்தா சாயங்காலமே ரத்தம் டெஸ்ட் பண்ணிப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன் சார். பொழச்சிருக்கும்னு சொல்லல. அனுப்பியிருப்பேன்.” நிறுத்திவிட்டுச் சொன்னார்: “அதுக்கப்புறம் நான் யார்கிட்டயும் பொழச்சுக்கும்னு சொல்றதே இல்ல. பொழைக்கும்னு தெரிஞ்சாக்கூடச் சொல்றதில்ல.”

மன்னிப்புக் கேட்டேன். அவர் பதில் சொல்வதற்குள் வெளியே ஒரு பெண் பூனையைத் துண்டில் சுற்றித் தூக்கிக்கொண்டு வந்து நின்றார். டாக்டர் எழுந்து போனார். “எவ்வளவு நேரமாம்மா இப்படி இருக்கு?” என்று அவர் கேட்பது எனக்குக் கேட்டது.